"நல்லா இருக்கு" என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் அடுத்த மாதம் காணோம்: வாடிக்கையாளர் கருத்தை வைத்து சின்னத் தொழிலை வளர்ப்பது எப்படி?

அம்மிக்கல் (வெள்ளவத்தை) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கையில் வீட்டிலேயே மத்தியானச் சாப்பாடு செய்து கொடுக்கிறோம். நானும் மாமியும் சமையல், கழுவித் துடைக்க ஒரு அக்கா, டெலிவரிக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி. 2022 இல் காஸ் இல்லாமல் ஊரே சிலிண்டரோடு வரிசையில் நின்றபோது எங்கள் பின்வளவில் விறகடுப்பு இருந்ததால் பக்கத்து பிளாட்காரர் "எங்களுக்கும் சேர்த்துச் சமையுங்கோ" என்று கேட்டார்கள், அப்படித் தொடங்கியது. இப்போது பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கம் அலுவலகங்களுக்கு மாதக் கணக்கில் சில்வர் கரியரில் போகிறது, மற்றவர்களுக்குப் பார்சல்.

பிரச்சினை என்னவென்றால், வட்ஸ்அப் குழுவில் தினமும் கைதட்டலும் இதயமும்தான். "சூப்பர் அக்கா", "அம்மா சமையல் மாதிரி". ஆனால் மாதம் முடிய நாலைந்து பேர் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள், புதிதாக வருகிறவர்களைக் கூட்டிக் கழித்தால் ஒரு வருடமாக அதே நாற்பது பேரில்தான் நிற்கிறோம். கருத்துக் கேட்டால் ஒருவர் உறைப்புக் கூட என்கிறார், அடுத்தவர் உறைப்புக் காணாது என்கிறார், இரண்டு பேரும் ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்டவர்கள். கூகுள் மேப்பில் ஒருவர் ஒரு ஸ்டார் மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. வங்கியில் வேலை செய்கிற ஒரு அண்ணா "ஃபிரைட் ரைஸும் கொத்தும் போடுங்கோ, பிச்சுக்கொண்டு போகும்" என்று கிழமைக்கொரு தரம் சொல்கிறார். அதற்குப் பெரிய தாச்சியும் இன்னொரு அடுப்பும் வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

இத்தனை கருத்தில் எதை எடுப்பது, எதை விடுவது? கருத்துக் கேட்டு உண்மையிலேயே தொழில் வளர்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். புத்தகத்தில் இருக்கிறது வேண்டாம்.


காலிவீதி எழுதியது:

கஸ்டமரைக் கேட்டால் விலையைக் குறை, அளவைக் கூட்டு, வீட்டு வாசலில் கொண்டுவந்து தா என்று மூன்றும்தான் சொல்லுவார்கள். மூன்றையும் செய்தால் ஆறு மாதத்தில் கடையைப் பூட்டலாம். தேங்காய் 200 ரூபாயைத் தாண்டினபோது எத்தனை பேர் "அக்கா நீங்கள் விலையைக் கூட்டுங்கோ" என்று கருத்துச் சொன்னார்கள்? வாய்க்கு ருசியாகச் சமையுங்கள், வருகிறவன் வருவான்.


ஊசிநூல் (கொட்டாஞ்சேனை) எழுதியது:

காலிவீதித் தம்பி சொல்வதில் பாதி சரி. கஸ்டமர் சொல்கிற மருந்தை அப்படியே குடிக்கக்கூடாது. ஆனால் நோ எங்கே என்று அவர் காட்டுவது பெரும்பாலும் உண்மை. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால் போதும் தங்கச்சி.

நான் சாறி பிளவுஸ் தைக்கிறவள், கொட்டாஞ்சேனையில் கடை. எங்களிடம் திரும்பி வருகிற பிளவுஸில் அடிக்கடி வருகிற முறைப்பாடு ஒன்று: "கையைத் தூக்கினால் இழுக்குது, கையை விரிச்சு விடுங்கோ." கேட்டவுடன் கையில் அரை அங்குலம் விட்டுக் கொடுத்தால் அவ சந்தோஷமாகக் கொண்டுபோவா, கலியாண வீட்டில் கையைத் தூக்கி ஆலாத்தி எடுக்கும்போது அதே இழுவை இழுக்கும், அதோடு கையும் தொளதொளவென்று கிடக்கும். ஏனென்றால் பிழை கையில் இல்லை, கைக்குழியில். கைக்குழியை ஆழமாக வெட்டினால் கையைத் தூக்கும்போது பிளவுஸ் முழுக்க மேலே ஏறும். குழியை அக்குளுக்குக் கிட்டவாக வெட்டினால்தான் கை சுகமாக எழும்பும். இதைச் சொன்னால் கஸ்டமர் நம்பமாட்டா, "கிட்டவாக வெட்டினால் இன்னும் இறுகாதோ?" என்பா. போட்டுப் பார்த்த பிறகுதான் ஓம் என்பா.

ஆகவே எங்கள் கடைக் கொப்பியில் திருத்தத்துக்கு வருகிற ஒவ்வொன்றுக்கும் நடுவில் கோடு போட்டிருக்கிறது. இடப்பக்கம் அவ சொன்ன சொல், சொன்னபடியே, நாங்கள் திருத்தாமல். வலப்பக்கம் நாங்கள் பிரித்துப் பார்த்தபோது கண்டது, யார் அளவெடுத்தது, யார் வெட்டினது. இடப்பக்கத்தை மட்டும் படித்தால் இறுக்கம், தொளதொளப்பு, நீளம், கட்டை என்று ஆயிரம் முறைப்பாடு, உங்கள் உறைப்புக் கூட, உறைப்புக் காணாது மாதிரித்தான். வலப்பக்கத்தைப் படித்தால் இரண்டு மூன்று காரணம்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு வருடம் தீபாவளிக்கு முன்னம் வந்த திருத்தங்களில் பெரும்பகுதி புதிதாக வந்த ஒரு பிள்ளை அளவெடுத்தவை. அந்தப் பிள்ளை கஸ்டமர் போட்டிருந்த உடுப்புக்கு மேலாலேயே நாடாவைப் பிடித்திருக்கிறது. அதை யாரும் முறைப்பாடாகச் சொல்லவில்லை, சொல்லவும் தெரியாது அவர்களுக்கு.

இன்னொன்று, பிழை இருந்தால் திருப்பிக் கொண்டுவருகிறவ நல்ல கஸ்டமர். அவவுக்கு எங்கள் கடை இன்னும் வேணும், அதனால்தான் வெயிலில் திரும்பி வந்து சண்டை பிடிக்கிறா. வராதவதான் ஜம்பட்டா வீதியில் வேறு தையல்காரியிடம் போயிருப்பா. உங்கள் குழுவில் இதயம் போடுகிறவர்களையும், ஒரு ஸ்டார்காரரையும் விட, சத்தமில்லாமல் நின்ற நாலைந்து பேரிடம்தான் விஷயம் இருக்கிறது.

வங்கி அண்ணா ஃபிரைட் ரைஸ் கேட்கிறாரே, அவர் இப்போது உங்களிடம் மாதக் கரியர் எடுக்கிறாரா? இல்லையென்றால் தாச்சி வாங்காதேயும். ஒரு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்று சொல்லி, காசு முதலே கட்டினால் செய்து தருகிறோம் என்று போட்டுப் பாரும். வாயால் கேட்கிறவர்கள் எத்தனை பேர் காசோடு கேட்கிறார்கள் என்று அன்றைக்கே தெரியும். அதுகும் வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்களில் பாதிப்பேர் மச்சம் (மீன், இறைச்சி) தொடமாட்டார்கள், மரக்கறியில் செய்யச் சொல்கிறார்களா, முட்டை போட்டா என்றும் கேளும்.


குறுக்குத்தெரு (புறக்கோட்டை) எழுதியது:

நான் முதலாம் குறுக்குத் தெருவில் போன் திருத்துகிற கடை. எங்கள் லைனில் கூகுள் ரிவியூதான் உயிர், வெளியூரில் இருந்து வருகிறவன் மேப்பைப் பார்த்துத்தான் கடையைத் தெரிவு செய்கிறான், அந்தத் தெருவில் கைக்கெட்டிய தூரத்தில் இன்னும் எத்தனையோ கடை.

அந்த ஒரு ஸ்டாருக்குக் கட்டாயம் பதில் போடுங்கள் அக்கா. போட்டவருக்காக இல்லை, அவர் திரும்பி வந்து பார்க்கப்போவதில்லை. நாளைக்குப் படிக்கப்போகிற புது ஆளுக்காக. இரண்டு வரி போதும்: என்ன நடந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை, இந்த நம்பருக்கு எடுத்துச் சொன்னால் சரிசெய்கிறோம். விளக்கம், வியாக்கியானம், "எங்கள் போட்டிக்காரர் செய்த வேலை" என்று எழுதத் தொடங்கினால் படிக்கிறவன் உங்களைத்தான் சண்டைக்காரர் என்று நினைப்பான். எங்கள் தெருவில் ஒரு முதலாளி கஸ்டமரோடு ரிவியூவுக்குக் கீழே எழுதின சண்டையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து இன்றைக்கும் ஆட்கள் பகிர்கிறார்கள்.

ரிவியூ கூட வேண்டுமென்றால் சுகமான வழி இருக்கிறது. எங்கள் கடையில் 5 ஸ்டார் போட்டுக் காட்டினால் போன் திரைக்கு ஒட்டுகிற டெம்பர்ட் கிளாஸ் இலவசம். நீங்கள் ஒரு வட்டிலப்பம் கொடுங்கள். ஒரு மாதத்தில் மேப்பில் மேலே வந்துவிடுவீர்கள்.


தரவுப்பொடியன் எழுதியது:

குறுக்குத்தெரு அண்ணா, ரிவியூவுக்குப் பதில் போடுவது பற்றிச் சொன்னது சரி. ஆனால் இலவசப் பொருளோ தள்ளுபடியோ கொடுத்து ரிவியூ வாங்குவது கூகுளின் விதிக்கு எதிரானது, கண்டுபிடித்தால் ரிவியூவை அழிப்பார்கள். சந்தோஷமான ஆட்களை மட்டும் பொறுக்கி எடுத்து ரிவியூ கேட்பதும் விதிப்படி பிழை. அதைவிடப் பெரிய நட்டம், வட்டிலப்பத்துக்காக வந்த 5 ஸ்டாரில் இருந்து அக்கா படிக்க என்ன இருக்கிறது? அவவுக்கு ஏற்கெனவே புகழ்ச்சிக்குக் குறைவில்லை, ஆட்கள் ஏன் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நான் ஒரு மென்பொருள் கம்பனியில் இந்த வேலைதான் செய்கிறேன், கருத்துப் படிவம் தயாரிப்பது, வருவதை எண்ணிப் பார்ப்பது. பெரிய கம்பனிகளில் "எங்களை நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா, 0 இலிருந்து 10 வரை சொல்லுங்கள்" என்று கேட்பார்களே, அது 2003 இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்பவர் பிரபலமாக்கின முறை. 9, 10 போட்டவர்களின் சதவீதத்தில் இருந்து 0 முதல் 6 வரை போட்டவர்களின் சதவீதத்தைக் கழிப்பார்கள். பத்தாயிரம் கஸ்டமர் இருந்தால் பார்க்கலாம். நாற்பது பேரில் ஒரே ஒரு ஆள் காய்ச்சலில் வாய்க் கசப்போடு 6 போட்டுவிட்டு அடுத்த மாதம் 9 போட்டால் உங்கள் மதிப்பெண் 5 ஏறும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. நாற்பது பேரென்றால் ஒவ்வொருவரோடும் கதைக்கலாம், அந்த வசதி பெரிய கம்பனிக்குக் கிடையாது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் முழு விஷயமும். "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் நம் ஆட்களில் யார்தான் முகத்துக்கு நேரே நல்லாயில்லை என்பார்கள்? நடந்ததைக் கேளுங்கள், அபிப்பிராயத்தைக் கேட்காதீர்கள். நின்றவர்களுக்கு நான் அனுப்புவதென்றால் இப்படி அனுப்புவேன்: "வணக்கம், போன மாதம்வரை எங்களிடம் சாப்பாடு எடுத்தீர்கள். திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்க வரவில்லை. நிற்பாட்டுவோம் என்று நினைத்த கிழமை என்ன நடந்தது என்று ஒரு வரி சொல்வீர்களா? இப்போது மத்தியானம் என்ன சாப்பிடுகிறீர்கள்?" கடைசிக் கேள்வியை விடவேண்டாம். வீட்டில் இருந்து கட்டிக்கொண்டு போகிறார் என்றால் ஒரு காரணம், கீழே உள்ள கன்டீனுக்குப் போகிறார் என்றால் இன்னொரு காரணம்.

பிழையான கேள்விக்கு எவ்வளவு பதில் வந்தாலும் பிரயோசனம் இல்லை. 1985 இல் கொக்கா கோலாக்காரர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேருக்குச் சுவைக்கக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சுவையை மாற்றினார்கள், எது பழையது, எது புதியது என்று தெரியாமல் குடித்தவர்களில் கூடுதலானோருக்குப் புதியது பிடித்தது. 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டி வந்தது. ஒரு மிடறு குடித்து எது ருசி என்று சொல்வது வேறு, பழகினது கடையில் இல்லாமல் போவது வேறு.

கனோ என்று ஒரு ஜப்பான் பேராசிரியர் 1984 இல் சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன்: சில விஷயம் இருந்தால் யாரும் பாராட்டமாட்டார்கள், இல்லாவிட்டால் போய்விடுவார்கள். சாப்பாடு நேரத்துக்கு வந்ததற்காக யாராவது குழுவில் இதயம் போட்டிருக்கிறார்களா?

இன்னொன்று, கஸ்டமர் அனுப்பிய செய்தியைப் பெயர், நம்பரோடு ஸ்கிரீன்ஷொட் எடுத்து முகநூலில் "எங்கள் வாடிக்கையாளர் சொல்கிறார்" என்று போடவேண்டாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அது இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டுப் போடுவதுதான் மரியாதை.


குறுக்குத்தெரு எழுதியது:

சரி தம்பி, விதி விதிதான். ஆனால் எங்கள் தெருவில் எல்லாக் கடையும் செய்யும்போது நான் மட்டும் நல்ல பிள்ளையாக இருந்தால் வாடகையை யார் கட்டுவது? அக்காவுக்குச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், சாப்பாட்டுக்கு அது தேவையில்லை. எனக்கு இன்னும் யோசிக்க இருக்கிறது.


போறணை (தெகிவளை) எழுதியது:

இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. கருத்து முதலாளியிடம் வராது. கவுண்டரில் நிற்கிற பொடியனிடம்தான் வரும், அவன் சொல்லமாட்டான்.

எங்கள் பேக்கரிக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் சிங்கள ஆட்கள், முஸ்லிம் ஆட்களும் நிறைய. அவர்கள் மாலு பாண் காய்ந்திருக்கிறது என்று பொடியனிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போவார்கள். அவன் என்னிடம் வந்து சொன்னால் நான் முதலில் அவனைத்தான் ஏசுவேன் என்று அவனுக்குப் பயம், முந்தி வேலை செய்த இடத்துப் பழக்கம். முறைப்பாடு கொண்டுவருகிறவனை ஏசக்கூடாது என்று சட்டம் போட்ட பிறகும், உடனே வரவில்லை. நான் என்ன செய்தேன் என்றால் கவுண்டருக்குப் பின்னால் ஒரு கொப்பியைக் கயிற்றில் கட்டி விட்டேன். முறைப்பாடு எழுதச் சொல்லவில்லை. கஸ்டமர் கேட்டு நாங்கள் "இல்லை" என்று சொன்னதை மட்டும் எழுதச் சொன்னேன், நேரத்தோடு, எந்தப் பாஷையில் என்றாலும் சரி. அதில் ஏச்சு வாங்க ஒன்றும் இல்லைத்தானே, அதனால் எழுதினார்கள்.

அந்தக் கொப்பி சொன்னது எனக்குப் புதிது. காலையில் கேட்டு இல்லையென்று போனவை அவ்வளவு இல்லை. பின்னேரம் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில், பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குப் போகிறவர்கள் சீனிச்சம்பல் பணிஸ் கேட்டுத் திரும்பியிருக்கிறார்கள், குரக்கன் பாண் கேட்டிருக்கிறார்கள். குரக்கன் கேட்டவர்கள் வீட்டில் சீனி வருத்தக்காரர் (நீரிழிவு) இருக்கிற ஆட்கள். நாங்களோ காலை ஐந்துக்கே எல்லாவற்றையும் சுட்டு வைத்துவிட்டு மத்தியானத்துக்குப் பிறகு போறணையை ஆறவிடுவோம். இப்போது பின்னேரம் ஒரு சின்னச் சூடு போடுகிறோம். அதுதான் எங்கள் வளர்ச்சி, வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

அம்மிக்கல் தங்கச்சி, உங்கள் வீட்டில் கருத்து முதலில் வந்து சேருகிற ஆள் யார்? டெலிவரித் தம்பியும், கரியர் கழுவுகிற அக்காவும். அவர்களிடம் கேட்டீர்களா?

அப்புறம் ஒரு எச்சரிக்கை. உறைப்பு, உப்பு, அளவு இதெல்லாம் பலர் சொல்லும்வரை பொறுத்துப் பார்க்கலாம். தலைமயிர் கிடந்தது, கறி மணக்குது, வயிற்றைக் குழப்பினது என்று ஒரே ஒரு ஆள் சொன்னாலும் அன்றைக்கே அடுப்படியை நிற்பாட்டிப் பாருங்கள், மற்றவர்களுக்கும் போன் எடுத்துக் கேளுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் பால்கறியைச் சூட்டோடு மூடிக் கரியரில் அடைத்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். அது பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வரைக்கும் போகிற விஷயம், 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்துக்குக் கீழே வருகிறது, கருத்து என்று வைத்துக்கொண்டு இருக்க ஏலாது.


அம்மிக்கல் எழுதியது:

கொஞ்ச நாள் எழுதவில்லை, மன்னிக்கவும். நீங்கள் சொன்னதில் முடிந்ததைச் செய்து பார்த்துவிட்டு வருவோம் என்று இருந்தேன்.

போறணை அண்ணா சொன்னபடி கழுவுகிற அக்காவிடம் கேட்டேன். அவ சிரித்துவிட்டு, "இதை நீங்கள் கேட்பீங்கள் என்று நான் எவ்வளவு நாள் பார்த்தனான்" என்றா. கரியர் அடுத்த நாள்தானே திரும்பி வரும், அதில் மிஞ்சினதெல்லாம் அவவின் கையால்தான் போகிறது. பாவற்காய்க் கறி வருகிற நாளில் கறித்தட்டு அப்படியே வரும் என்று நான் நினைத்திருந்தேன், அது பிழையாம், பாவற்காய் வழித்துத் துடைத்து வருகிறது. மிஞ்சுவது சோறு. அதிலும் எல்லாக் கரியரிலும் இல்லை, ஒரு பதினைந்து கரியரில் தினமும் பாதிக்குப் பாதி. அவ மூடியில் உள்ள பெயரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், கிட்டத்தட்ட எல்லாம் பெண்கள், மேசைக்கு முன்னால் நாள் முழுக்க இருந்து வேலை செய்கிறவர்கள். அவர்களில் மூன்று பேர் போன மாதம் நின்றவர்கள். ஒருவர்கூடச் சோறு கூட என்று சொன்னதில்லை. கூட வைப்பது அன்பு என்று மாமி நினைக்கிறா, குறைத்தால் கஞ்சத்தனம் என்று சொல்லுவார்கள் என்று நானும் நினைத்தேன்.

நின்றவர்களுக்குத் தரவுப்பொடியன் தம்பி எழுதித் தந்த செய்தியை அனுப்பினேன். பதில் போட்டவர்களில் ஒருவர்கூட ருசியைப் பற்றிச் சொல்லவில்லை! இரண்டு பேர், அரைவாசி குப்பைக்குப் போகிற சாப்பாட்டுக்கு முழுக் காசு கொடுக்க மனம் வரவில்லை, சொல்லவும் கூச்சம் என்றார்கள். கொள்ளுப்பிட்டிப் பக்கத்து ஆட்கள், பன்னிரண்டரைக்கு இடைவேளை, சாப்பாடு வரும்போது ஒரு மணி, அதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டு எழும்பிவிடுவார்கள், தனியாக இருந்து சாப்பிட வெட்கமாக இருக்கிறது என்றார்கள். தம்பியிடம் கேட்டால் அவன் கிட்ட உள்ள இடத்தில் இருந்து இறக்கிக்கொண்டு போகிறானாம், காலி வீதி நெரிசலில் கடைசி ஆளுக்குப் போகும்போது அந்த நேரம்தான். இப்போது மரைன் டிரைவ் பக்கத்தால் நேரே கொள்ளுப்பிட்டிக்குப் போய் அங்கிருந்து இறக்கிக்கொண்டு திரும்பி வரச் சொல்லியிருக்கிறேன், பம்பலப்பிட்டி ஆட்களுக்கு இடைவேளை ஒரு மணிக்குத்தான், அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. இதற்கு ஒரு சதம் செலவில்லை.

உறைப்பு விஷயம் எளிதாக முடிந்தது, மிளகாய்ப் பொரியலும் மோர்மிளகாயும் தனியாகச் சின்னக் கிண்ணத்தில் வைக்கிறோம், வேண்டியவர் சாப்பிடட்டும்.

ஊசிநூல் அக்கா, ஃபிரைட் ரைஸ் சோதனையும் போட்டேன். குழுவில் "ஐயோ வேணும் வேணும்" என்று இருபது பேருக்கு மேல். காசு போட்டவர்கள் ஆறு பேர். வங்கி அண்ணா அதில் இல்லை, அன்றைக்கு அவருக்கு வெளியில் சாப்பாடாம். தாச்சி வாங்கும் எண்ணம் போய்விட்டது.

இப்போது சோறு குறைத்துச் சின்னக் கரியர் என்று ஒன்று தொடங்கலாம் என்று இருக்கிறேன். என்ன விலை போடலாம்? சோறு பாதி என்பதால் விலையும் பாதி வேண்டும் என்று ஒருவர் இப்போதே கேட்கிறார்.


சின்னக்கணக்கு எழுதியது:

பாதி விலை போட்டால் நீங்கள் முடிந்தீர்கள். சோறுதான் பெட்டியில் மலிவான சாமான். நாட்டரிசி கிலோ 230 என்று வைத்துக்கொள்வோம், ஒரு பெட்டிக்கு 100 கிராம் அரிசி குறைந்தால் உங்களுக்கு மிச்சம் 23 ரூபாய். கறி அதே கறி, தேங்காய் அதே தேங்காய், காஸ், பெட்ரோல், தம்பியின் சம்பளம், அக்காவின் சம்பளம், கரியர் கழுவுகிற சவர்க்காரம், எதுவும் குறையவில்லை.

பெரிய பெட்டி 550 என்றால் சின்னது 490, 500 இல் வைக்கலாம், அதற்குக் கீழே இறங்க வேண்டாம். வாங்குகிறவருக்கு 50 ரூபாய் குறைகிறது, கொட்டுகிற குற்ற உணர்ச்சியும் இல்லை. ஆனால் உங்களுக்கு ஒவ்வொரு சின்னப் பெட்டியிலும் இலாபம் 30 ரூபாய்போலக் குறையும், அதையும் கொப்பியில் எழுதுங்கள். பழைய ஆட்களில் பதினைந்து பேர் சின்னதுக்கு மாறி, புதிதாக ஒருவரும் வராவிட்டால் இந்த மாற்றத்தால் உங்கள் வருமானம் இறங்கும். நின்றவர்கள் திரும்பி வருகிறார்களா, அதே அலுவலகத்தில் இதுவரை எடுக்காத பெண்கள் சேர்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் பாருங்கள், ஒரு மாதம் போதாது, போயா, நீண்ட விடுமுறை என்று வந்தால் கணக்குக் குழம்பிவிடும்.

விலைப் பட்டியலில் "பாதிச் சாப்பாடு", "அரைப் பெட்டி" என்று போடாதீர்கள், பாதி என்றால் பாதிக் காசு என்றுதான் கேட்பார்கள். சோறு குறைவு, கறி முழு அளவு என்று எழுதுங்கள்.


காலிவீதி எழுதியது:

சரி, நான் சொன்ன "ருசியாகச் சமையுங்கள், வருகிறவன் வருவான்" என்பதற்கு இங்கே இடமில்லை என்று விளங்குகிறது. ஆனால் ஒன்று, இத்தனைக்கும் குழுவில் போட்ட கருத்து ஒன்றும் உதவவில்லையே. கரியரும், கழுவுகிற அக்காவும், நின்றவர்களும்தான் சொன்னார்கள். அப்போ குழுவை மூடிவிடலாம்தானே?


அம்மிக்கல் எழுதியது:

குழுவை மூட மாட்டேன், நாளைக்கு என்ன கறி என்று அதில்தான் சொல்கிறோம். பாராட்டும் வேண்டும் அண்ணா, விடிய நாலு மணிக்கு எழும்பித் தேங்காய் திருவுகிற மாமிக்கு அதை வாசித்துக் காட்டுகிறேன்.

சின்னக் கரியர் 490 என்று போட்டாயிற்று. நின்ற மூவரில் இருவர் முதலாம் திகதியில் இருந்து எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள், அவர்களில் ஒருவர் பக்கத்து மேசைப் பிள்ளையையும் சேர்த்துவிட்டிருக்கிறா. மூன்றாமவர் மட்டும் செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை, நீல டிக் விழுந்திருக்கிறது. இன்னொரு தரம் கேட்கலாமா? எங்கள் கரியரும் அவவிடம்தான் இருக்கிறது.


ஊசிநூல் எழுதியது:

செய்தியில் திரும்பக் கேட்காதேயும் தங்கச்சி, கடன்காரி மாதிரி இருக்கும். கரியர் இருக்குத்தானே, அதை எடுக்கத் தம்பியை அனுப்பாமல் ஒரு நாள் நீரே போம். வாசலில் நின்று இரண்டு வார்த்தை கதைக்கும்போது சொன்னால் கேட்டுக்கொள்ளும், சொல்லாவிட்டால் கரியரை வாங்கிக்கொண்டு வாரும். புதிய விலையைப் பற்றி அங்கே வாய் திறக்க வேண்டாம்.